அடுப்படிக்கு எத்தனை யூனிட்?

கரண்ட் பில் கூடுதலாக வந்த நாளில் வீட்டில் கேள்வி யாரை நோக்கிப் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மின்வாரியத்தின் குறுஞ்செய்தி, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய செல்பேசிக்கு வரும். பெரும்பாலும் அது அப்பா, கணவர், மாமனார் இவர்களில் ஒருவர். அதைப் படித்துவிட்டு அவர் திரும்பிப் பார்ப்பது அடுப்படிப் பக்கம். "அப்படி என்னத்தத்தான் போட்டு ஓட்டுதீக?" என்ற கேள்வி எங்கள் கோவில்பட்டிப் பக்கம் எல்லாத் தெருவிலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேட்கும். பதில் சொல்ல வேண்டிய பெண்ணுக்கு மீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியும், ஏனென்றால் ரீடிங் எடுக்க வருபவருக்குக் கதவு திறந்துவிடுவது அவள்தான். மீட்டரில் ஏறிய எண்ணில் எது எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்பவருக்கும் அது தெரியாது. தெரியாமலே ஒருவர் கேட்கிறார், தெரியாமலே இன்னொருவர் குற்றவாளி ஆகிறார்.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் வரும்போது பிள்ளைகளை வீட்டிலிருக்கும் மீட்டர் அட்டையைப் பார்த்து எழுதிவரச் சொல்வது என் வழக்கம். வாட்டை மணிநேரத்தால் பெருக்கு, ஆயிரத்தால் வகு, வருவது யூனிட். 75 வாட் மின்விசிறி 12 மணிநேரம் ஓடினால் 0.9 யூனிட், அறுபது நாளுக்கு 54. இதற்கு மேல் இதில் கணக்கில்லை. வீட்டிலுள்ள எல்லாப் பொருளுக்கும் இப்படி எழுதியபின் கடைசியில் ஒரு கேள்வி கொடுப்பேன்: பில் குறைய வேண்டுமென்றால் எதை நிறுத்துவீர்கள்? பெரும்பாலான நோட்டுகளில் ஒரே பதில்தான் இருக்கும். மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின். எல்லாம் பெண் பிள்ளைகள் எழுதியவை. அயர்ன் பாக்ஸ் என்று எழுதியதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பதிலைக் கணக்கிலேயே சோதித்துப் பார்க்கலாம். 750 வாட் மிக்சி நாளுக்குப் பத்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட். மேசைமேல் வைக்கும் 150 வாட் கிரைண்டர், வாரம் மூன்று நாள் அரைமணி நேரம் மாவாட்டினால் இரண்டு யூனிட். தண்ணீரைச் சூடாக்காத சாதாரண வாஷிங் மெஷினுக்கு 400 வாட் என்று வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் முக்கால் மணிநேரம் ஓட்டினால் ஒன்பது யூனிட். மூன்றும் சேர்ந்து இருபது யூனிட்டைத் தொடவில்லை. ஆனால் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் தினமும் இருபது நிமிடம் சூடானால் அதற்கு மட்டும் கிட்டத்தட்ட இருபது. ஒரு ஆண் விறைப்பான சட்டை போட்டுக்கொண்டு வெளியே போவதற்கு ஆகும் மின்சாரமும், ஒரு பெண் அம்மி, ஆட்டுக்கல், துவைகல் மூன்றிலிருந்தும் விடுபடுவதற்கு ஆகும் மின்சாரமும் ஏறத்தாழ ஒன்று. முதலாவது கௌரவம், இரண்டாவது சொகுசு என்று எப்போது முடிவானது? (அந்தச் சட்டையைத் தேய்ப்பவரும் பெரும்பாலும் அவளே என்பது தனிக் கணக்கு.)

கூடத்தில் டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டுப் படுக்கிறோம். அதன் கீழே இருக்கும் செட் டாப் பாக்ஸ் இரவு பகலாகப் பத்து வாட் அளவில் எடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் 14 யூனிட். யாரும் எதையும் பார்க்காமல், யாருக்கும் எதுவும் கிடைக்காமல் போகிற மின்சாரம் இது. மிக்சியைவிட இரண்டு மடங்கு.

வீட்டுக்குள் மின்சாரம் எங்கே போகிறது என்று இப்படி ஒழுங்காகப் பார்ப்பதற்கு எரிசக்தித் தணிக்கை என்று பெயர். 2001-ம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் நூற்பாலை, சிமென்ட், அனல்மின் நிலையம் போன்ற துறைகளில் பெரிய அளவில் எரிசக்தி செலவழிக்கும் நிறுவனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அதற்குத் தேர்வெழுதித் தகுதி பெற்ற தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு தணிக்கை செய்வது குளிர் நாடுகளில் வளர்ந்த பழக்கம். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1978-ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், மின் நிறுவனங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்குத் தணிக்கை செய்து தர வேண்டும் என்றது. அங்கே கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக வெளியேறும் வெப்பத்தைத் தேடுவார்கள். நம் கரிசல் பூமியில் பிரச்சினை நேர்மாறானது. பகலெல்லாம் காங்கிரீட் கூரை குடித்த வெயிலை இரவில் வீட்டுக்குள் கக்கும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு வீடு என்றால் பகலிலேயே கக்கும். பழைய காரை வீடுகளில் இந்த அவதி குறைவு.

தமிழில் தணிக்கை என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. கணக்குப் பார்ப்பதும் தணிக்கை, சினிமாவில் வெட்டுவதும் தணிக்கை. நம் வீடுகளில் முதல் வேலை நடக்காமலே இரண்டாவது நடந்துவிடுகிறது. அளந்து பார்க்காமல் வெட்டினால் யார் பங்கை வெட்டுவது சுலபமோ அதில்தான் கத்தி விழும்.

அளந்தால் பில் உண்மையிலேயே குறையும். அதில் சந்தேகம் வேண்டாம். பழைய 75 வாட் விசிறியை முப்பது வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றினால் அதே காற்று பாதிக்கும் குறைவான யூனிட்டில் வருகிறது. சுவரில் பெட்டி போலத் துருத்திக்கொண்டிருக்கும் பழைய ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூடு நம் காசு. பழைய சோக் வைத்த டியூப் லைட் 40 வாட் என்று எழுதியிருந்தாலும் சோக்கையும் சேர்த்து ஐம்பதுக்கு மேல் எடுக்கும். எல்.இ.டி. டியூபுக்கு இருபது போதும். ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரில் ஒரு ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், லேசாக உருவிக்கொண்டு வந்தால் குளிரும் அப்படித்தான் உருவிக்கொண்டு போகிறது. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே வெக்கை தணியும். குழாயில் தண்ணீர் வரும் நாளில் மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும்வரை விடுவது எங்கள் ஊரில் பெரும் பாவம். சீவலப்பேரியிலிருந்து அத்தனை தூரம் வந்த தாமிரபரணித் தண்ணீர், ஒரு குதிரைசக்தி மோட்டாருக்கு மணிக்கு முக்கால் யூனிட், இரண்டும் சேர்ந்து சாக்கடைக்குப் போகின்றன.

இதில் எதுவும் யாருடைய உடம்பையும் கேட்பதில்லை. அதே காற்று, அதே வெளிச்சம், அதே தண்ணீர், குறைந்த யூனிட். இதை நான் சேமிப்பு என்பேன். மிக்சியை நிறுத்தி அம்மியில் அரை என்பது வேறு வகை. அங்கே வேலை குறையவில்லை. கம்பியிலிருந்து கைக்கு மாறியிருக்கிறது. பில்லில் குறைந்தது அவள் தோள்பட்டையில் ஏறியிருக்கிறது. இரண்டையும் சிக்கனம் என்ற ஒரே சொல்லால் அழைப்பதுதான் எனக்குச் சிக்கல்.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் கணக்குப் போடலாம். உடலுழைப்புச் செய்யும் ஒருவர் நாள் முழுக்கத் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் சுமார் 75 வாட் என்பது பொறியியல் நூல்களில் புழங்கும் பழைய கணக்கு. ஒரு பழைய மின்விசிறியும் ஒரு மனித உடம்பும் கிட்டத்தட்ட ஒரே வாட். எட்டு மணிநேரம் இடைவிடாமல் உழைத்தால் 0.6 யூனிட். யூனிட் நாலரை ரூபாய் என்று வைத்தால், இரண்டு ரூபாய் எழுபது பைசா. மீட்டர் ஒரு பெண்ணின் நாள் முழுவதுமான உழைப்புக்குத் தரும் விலை இது.

முதன்முதலில் இதைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மிக்சியை நிறுத்தச் சொல்பவரின் தர்க்கம் இந்த விலையில்தான் நிற்கிறது. அவள் நேரத்துக்கு வேறு விலை இல்லை என்று எடுத்துக்கொண்டால்தான் இரண்டு மாதத்துக்கு எண்பது ரூபாய் மிச்சம் என்பது லாபமாகத் தெரியும். நியூசிலாந்துப் பொருளியலாளர் மெரிலின் வேரிங் 1988-ல் எழுதிய புத்தகத்தில், நாடுகளின் வருமானக் கணக்கு முறையே பெண்களின் கூலியில்லா உழைப்பைப் பூஜ்யமாக வைத்திருக்கிறது என்று காட்டினார். அவ்வளவு பெரிய கணக்கில் நடப்பது எங்கள் தெரு மீட்டர் பெட்டிக்குக் கீழேயும் நடக்கிறது. 2024-ல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுவதாகச் சொல்கிறது. ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். இந்த 289 நிமிடத்தில் எத்தனை நிமிடத்தை எத்தனை யூனிட் மீட்டுத் தரும் என்ற தணிக்கை எங்கேயும் நடந்து நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 2011 செப்டம்பரில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியபோது அதைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்றார்கள். மாவாட்டாதவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள் என்பது என் அபிப்பிராயம். கொடுமை என்னவென்றால், மிக்சி வந்த காலத்தில் கரண்ட் இல்லை. 2012-ல் தென்மாவட்டங்களில் மின்வெட்டு நாளின் பெரும்பகுதியைத் தின்றது. புது மிக்சியைப் பரணில் வைத்துவிட்டு அம்மிக்கே திரும்பியவர்கள் உண்டு. 2016 மே மாதம் முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் ஆனது.

எதிர்த்தரப்பிலும் பேச வேண்டும். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல், வீட்டுக்குள் எந்திரங்கள் வந்தபின்னும் இல்லத்தரசிகளின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று எழுதினார். எந்திரம் வந்ததும் எதிர்பார்ப்பும் கூடிவிட்டது, முன்பு வீட்டின் மற்றவர்கள் செய்ததும் அவள் தலையில் வந்தது. நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. கிரைண்டர் இருப்பதால் தினம் இட்லி, மிக்சி இருப்பதால் ஒவ்வொரு வேளைக்கும் புதுச் சட்னி, மெஷின் இருப்பதால் ஒருமுறை போட்ட பனியன் உடனே அழுக்கு. ஆகவே எந்திரத்தைப் பாதுகாத்தால் பெண்ணைப் பாதுகாத்ததாக ஆகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படியானால் அந்த எதிர்பார்ப்பைத்தான் தணிக்கை செய்ய வேண்டும். மூன்று வேளைக்கும் புதுச் சட்னி வேண்டாம் என்று சொல்வதும் யூனிட் சேமிப்புதான். அதைச் சொல்ல வேண்டியவர் சாப்பிடுகிறவர்.

வீண் என்பது என்ன என்ற கேள்விக்கு இங்கே வந்து சேர்கிறோம். ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி வீண் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. பகல் மூன்று மணிக்கு, வேலையெல்லாம் முடித்துத் தரையில் சாய்ந்த பெண்ணுக்கு மேலே ஓடும் விசிறி? "பகல்ல என்ன ஃபேன்?" என்று மாமியார் சொல்வதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அந்த மாமியாரும் மருமகளாக இருந்தபோது இதைக் கேட்டவர்தான். இரவு ஒன்பது மணிக்கு மில் ஷிப்ட் முடிந்தோ தீப்பெட்டி ஆபீஸிலிருந்தோ மகள் திரும்பும்வரை எரியும் வாசல் விளக்கு? ஒன்பது வாட் எல்.இ.டி., தினம் ஆறு மணிநேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு மூன்றேகால் யூனிட். கிராமத்தில் கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போகும் வழியின் விளக்கு? பெண்ணின் ஓய்வும் பயமின்மையும் ஒரு வீட்டில் எந்தப் பத்தியில் எழுதப்படுகின்றன, தேவையிலா வீணிலா என்று பார்த்தால் அந்த வீட்டைப் பற்றி மீட்டர் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

ஐந்நூறு யூனிட்டைத் தாண்டும் வீடுகளில் சண்டை பெரிதாவதற்குக் கட்டண அமைப்பே ஒரு காரணம். 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். பின்னர் விகிதம் கூடியது, அமைப்பு மாறவில்லை. இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 510 ஓடினால் 2,030. ஐந்நூறைத் தாண்டியதும் இரண்டாவது நூறுக்கான குறைந்த விகிதம் பறிபோவதால் கடைசிப் பத்து யூனிட்டின் விலை 305 ரூபாய் ஆகிறது. இந்தப் பத்து யூனிட் யாருடையது? மொத்தத்தில் எதுவும் கடைசிப் பத்து என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. படுக்கையறை ஏ.சி. ஒரு இரவுக்கு எட்டுப் பத்து யூனிட் எடுத்திருக்கும். ஆனால் குற்றம் சாட்டப்படுவது கடைசியாகக் காதில் விழுந்த சத்தம். மிக்சிக்குத்தான் சத்தம் அதிகம். ஏ.சி. இருக்கும் வீட்டில் அதை இருபதிலிருந்து இருபத்துநாலுக்கு ஏற்றிவைத்தாலே பெரிய வித்தியாசம் வரும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஆறு சதவீதம் வரை மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. ரிமோட் யார் கையில் என்பது அடுத்த கேள்வி.

மீட்டரே பார்க்காத எரிசக்தி ஒன்று எங்கள் கரிசல் கிராமங்களில் இருக்கிறது. வேலிக்கருவை விறகு. கேஸ் இணைப்பு இருந்தும் சிலிண்டருக்குக் காசில்லாத மாதங்களில் அடுப்பு விறகுக்குத் திரும்புகிறது. முள் வெட்டி, காயவைத்து, சுமந்து வந்து, புகையில் ஊதி எரிப்பதெல்லாம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மின்வாரியக் கணக்கில் அந்த வீடு சிக்கனத்தின் உச்சம். அங்கே ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கித் தினம் இரண்டு யூனிட் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் ஏறும். பில்லை மட்டும் பார்க்கிற தணிக்கையாளர் அதை ஊதாரித்தனம் என்பார். அவள் நுரையீரலையும், கிழித்துக்கொண்ட கையையும், காட்டுக்குப் போய்வந்த நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது சேமிப்பு என்று தெரியும். வீட்டு எரிசக்தித் தணிக்கை என்றால் விறகும் கேஸும் உடம்பும் அதில் வர வேண்டும். கம்பியில் வருவதை மட்டும் எண்ணுவது அரைத் தணிக்கை.

இன்னொரு வகை வீடு இருக்கிறது. புதியம்புத்தூர் ரெடிமேட் வியாபாரத்துக்குத் தைத்துக் கொடுக்கும் பெண்களின் வீடு போன்றது. மோட்டார் வைத்த தையல் மெஷின், தலைக்கு மேல் விசிறி, துணிக்கு நேரே விளக்கு மூன்றும் சேர்ந்து 200 வாட். எட்டு மணிநேரத்துக்கு 1.6 யூனிட். இரண்டு மாதத்தில் ஐம்பது நாள் தைத்தால் 80 யூனிட். வேறு இடமாக இருந்தால் முதலாளி கட்ட வேண்டிய மின்சாரம் அவள் வீட்டு அட்டையில் ஏறுகிறது. இலவச நூறில் எண்பதை உருப்படிக் கூலி தின்றுவிட்ட பிறகு, வீடு அவளைப் பார்த்துக் கேட்கிறது, "பில் ஏன் வருது?" அந்த 80 யூனிட்டை எழுதிக் காட்டினால் கூலி பேசும்போது கையில் ஒரு எண் இருக்கும்.

மின்கட்டணம் இந்த மாநிலத்தில் சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. 1970-ல் விவசாய மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து விவசாயிகள் இறந்தார்கள். அந்த இயக்கத்தின் தலைவர் நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் காலமானது எங்கள் கோவில்பட்டியில். 1990-ல் பம்புசெட் மின்சாரம் முழுக்க இலவசமானது. நியாயமான போராட்டம், பெரிய வெற்றி. கிணறில்லாத மானாவாரிக் கரிசலுக்கு அதில் கிடைத்த பங்கு சிறிது என்பது ஒருபுறம். என் கண்ணில் படுவது வேறு. பம்புசெட் விஷயத்தில் யூனிட் என்பது உரிமைப் பிரச்சினையாகத் தெருவுக்கு வந்தது. அடுப்படி விஷயத்தில் அது இன்றுவரை ஒழுக்கப் பிரச்சினையாக, பெண்ணின் பொறுப்பு பொறுப்பின்மைப் பிரச்சினையாகவே இருக்கிறது.

அப்படியானால் பெண்கள் இஷ்டம்போல் ஓட்டிவிட்டுப் போகட்டுமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே போகிற நமக்கு மின்சாரம் காற்றிலிருந்து சும்மா வருவதாகத் தோன்றலாம். இந்தப் பக்கம் தூத்துக்குடியில் 1979 முதல் நிலக்கரி எரிகிறது. அந்தச் சாம்பல் பறந்துபோய் விழுவது வேறு பெண்களின் துவைத்த துணியிலும் குடத்திலும்தான். எனக்கு வசதி வேண்டும் என்பதற்காக இன்னொருத்தியின் மூச்சைச் செலவழிக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே குறைப்பது கடமைதான். எந்த வரிசையில் குறைப்பது என்பதில்தான் நியாயம் இருக்கிறது. யாருக்கும் பயன்படாமல் போவது முதலில். ஏற்கெனவே அதிகம் அனுபவிப்பவரின் சொகுசு அடுத்து. ஒரு உடம்பின் பாரத்தை இறக்கிவைக்கும் மின்சாரத்தைத் தொட வேண்டுமென்றால் அது கடைசியில், அதுவும் அந்தப் பாரத்தை யார் தூக்கப்போகிறார் என்று பெயரெழுதிய பிறகு.

நூறு யூனிட்டுக்குள் வாழும் வீடுகளைப் பற்றித் தணிக்கை பேசும் கட்டுரைகள் அக்கறை காட்டுவதில்லை. பில்லே பூஜ்யம், குறைக்க என்ன இருக்கிறது? ஒரு வீட்டைக் கணக்காகப் பார்ப்போம். விசிறி ஒன்று 12 மணிநேரம், 54 யூனிட். சோக் வைத்த டியூப் ஐந்து மணிநேரம், 16. சின்ன டிவி 15. மிக்சி ஐந்து. தொண்ணூறு ஆகிவிட்டது. இன்னொன்று வாங்கினால் நூறைத் தாண்டும் என்ற பயத்தில் அந்த வீடு அங்கேயே நிற்கிறது. துவைப்பது கையில், மாவாட்டுவது கையில், அடுப்படியில் காற்றில்லை. இப்போது விசிறியையும் டியூபையும் மட்டும் மாற்றுங்கள். 42 யூனிட் கைக்கு வரும். ஒரு ரூபாய் மிச்சமில்லை, முன்பும் பூஜ்யம், பின்பும் பூஜ்யம். ஆனால் அந்த 42-க்குள் வாஷிங் மெஷினுக்கு ஒன்பது, கிரைண்டருக்கு இரண்டு, அடுப்படியில் ஒரு 40 வாட் சுவர் விசிறி நாலு மணிநேரம் ஓடப் பத்து, வாசல் விளக்குக்கு மூன்றேகால் எல்லாம் அடங்கும். அதற்குப் பின்னும் மீதி இருக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு.

இதனால்தான் தணிக்கையைப் பாகப்பிரிவினை என்று நினைக்கத் தோன்றுகிறது. யூனிட்டை மிச்சம் பிடித்தால் அது யாருக்குப் போகிறது? மிச்சமான ரூபாய் யார் சட்டைப்பையில்? விசிறியை மாற்றிய வீடுகளில் இரண்டு மாதத்துக்கு நூற்றைம்பது இருநூறு குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த விசிறிக்குக் காசு மகளிர் குழுக் கடனில் வந்தது, தவணை கட்டுவது அவள், மிச்சம் போவது பில் கட்டுகிறவருக்கு. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பில்லும் கடனும் வேறு வேறு பாக்கெட்டில் இருப்பதால் தானாக நடக்கிறது.

வாடகை வீட்டில் இன்னும் சிக்கல். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரர் ஒரே விலை வாங்குவார். இலவச நூறு வாடகைக்காரிக்கு வந்து சேர்வதில்லை. விசிறி வீட்டுக்காரருடையது, பில் இவளுடையது. மாற்றிக் கொடுங்கள் என்றால் ஓடுகிற ஃபேனை எதுக்கு மாத்த என்பார். அங்கே நான் சொல்வது, சொந்தக் காசில் விசிறி வாங்கினால் பழையதைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருங்கள், காலி செய்யும்போது அதை மாட்டிவிட்டு உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போங்கள் என்பதுதான். சண்டை வரும். வரட்டும்.

இப்போது பிள்ளைகளின் நோட்டில் இரண்டு பத்தி கூடுதலாகப் போடச் சொல்கிறேன். பொருள், வாட், மணிநேரம், யூனிட் என்ற நாலோடு, "யாருக்காக ஓடுகிறது", "நிறுத்தினால் அந்த வேலையை யார் செய்வார்". ஐந்தாவது பத்தியில் 'எல்லாருக்கும்' என்று எழுதினால் ஏற்பதில்லை, பெயர் வேண்டும். ஆறாவது பத்தியில் முதலில் தயங்கித் தயங்கி 'அம்மா' என்று எழுதுவார்கள், பிறகு வேகமாக 'அம்மா, அம்மா, நான், அம்மா' என்று வரிசையாக வரும். அந்த நோட்டை வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வா என்பேன். கையெழுத்து யாருடையது என்று குறிப்பிடுவதில்லை.

ஒரு மாணவியின் அம்மா கடைத்தெருவில் என்னைப் பார்த்து நிறுத்தினார். "டீச்சர், அந்த நோட்ட அவுககிட்டக் காட்டுனா. ஒண்ணும் பேசல. ரெண்டு நா கழிச்சு, அடுப்படிக்கு ஒரு ஃபேனு மாட்டணும்னா கேஸு அணையாதானு கேக்காக. அணையுமா?"

அடுப்புக்கு நேரே மாட்டினால் தீ ஆடும், அணையவும் கூடும், கேஸ் வீணாகும். நிற்கிற இடத்துக்குப் பக்கவாட்டில், தோள் உயரத்துக்கு மேலே, காற்று முதுகில் படுமாறு சுவரில் மாட்ட வேண்டும், எதிர்ப்பக்கம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர் என்றார். எத்தனை அடி இடைவெளி என்று கேட்டேன். அளந்து சொல்வதாகச் சொல்லிப் போனார்.